பொருந்தாதவை: ஒன்று

"என் மவன் உசுரோடதான் இருக்கான். தினம் காலைல ஆறு பத்துக்கு எனக்கு மெசேஜ் போடுறான். எங்க உக்காந்து போடுறான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணையன் தன் செல்போனை எங்கள் மேஜை மேல் இரண்டு கையாலும் வைத்தார். கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுகிறவர் மாதிரி.

பெரம்பலூர் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில், டயர் கடை மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். 'எங்கள்' என்பது என் பெருந்தன்மை. அலுவலகம் கமலவேணி அக்காவுடையது. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, வண்டி ஏன் லேட் என்று டிரைவர்கள் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டே துப்பறியக் கற்றுக்கொண்டவர். நான் மணிமாறன், உதவியாளன். முப்பத்தொன்பது வயது. கம்ப்யூட்டர் சென்டர் வைத்து மூடியவன். மொத்தம் பதினோரு மாணவர்கள் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் ஃபேன் காற்றுக்கு வந்தவர்கள்.

கண்ணையன் ஆண்டிமடம் பக்கம் முந்திரி விவசாயி. மகன் வேல்முருகன், இருபத்தொன்பது வயது, அரியலூரில் பச்சைக்கொடி வேளாண் தகவல் மையத்தில் வேலை பார்த்தான். செப்டம்பர் மூன்றாம் தேதி, புதன்கிழமை, ரூமைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவன்தான். இன்றோடு நாற்பத்தோரு நாள்.

நான் போனை எட்டிப் பார்த்தேன். அன்றைய மெசேஜ்:

'வணக்கம் கண்ணையன் அவர்களே. இன்று பிற்பகல் மழை வாய்ப்பு அதிகம். முந்திரிக்கு மருந்து அடிக்க வேண்டாம். அடித்தால் 1, அடிக்காவிட்டால் 2 என்று பதில் அனுப்பவும்.'

"அப்பாவை 'அவர்களே'ன்னு கூப்புடுற பிள்ளையா?" என்றேன். "எங்க வூட்டுல எனக்கு என் பையன் 'டேய்' போடாம இருந்தாலே விசேஷம்."

கமலவேணி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எல்லா விவசாயிக்கும் போற மெசேஜுங்கம்மா" என்றார் கண்ணையன். "அறுநூத்திச் சொச்சம் பேருக்கு. அவன்தான் தினம் விடியக்காலைல கம்ப்யூட்டர தொறந்து அனுப்புவான். அவனத் தவிர ஒருத்தருக்கும் அந்த வேல தெரியாது. அப்ப அவன்தான அனுப்பணும்?"

"நீங்க பதில் போடுவீங்களா?"

"போடுவேன். சாப்ட்டியான்னு கேப்பேன். எங்கடா இருக்கன்னு கேப்பேன். பதில் வராது. ஒரே ஒரு நாளு வந்துச்சு. ஆயுத பூசை அன்னிக்கு."

கட்டை விரலால் மேலே தள்ளித் தள்ளி அந்த நாளைக் கண்டுபிடித்துக் காட்டினார். அன்று மட்டும் மெசேஜ் பதினொன்று நாற்பத்தேழுக்கு வந்திருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, தனியாக ஒரு வார்த்தை.

'சாப்ட்டேன்.'

"அதப் பாத்துட்டுத்தான் அவங்கம்மா பொன்னம்மா சோறு தின்னா. அதுக்கு முந்தி இருபத்தெட்டு நாளு வெறும் நீராகாரம்" என்றார். "ஸ்டேஷன்லயும் அதத்தான் காட்டுனேன். காட்டுனது தப்பாப் போச்சு. 'சாப்ட்டேன்னு சொல்றவன் எப்படிய்யா காணாமப் போனவன்? கோவம் தீந்தா வருவான், போ'ன்னு தேடுறத நிறுத்திட்டாங்க."

அக்கா போனைக் கையில் எடுத்து, மெசேஜைப் படிக்காமல், ஓரத்தில் இருந்த நேரத்தை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினார்.

"ஆறு பத்து. ஆறு பத்து. ஆறு பத்து. ஐயா, தப்பா நினைக்காதீங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு டிரைவர நான் பாத்ததில்ல. மனுசன்னா ஒரு நாள் ஆறு ஒம்பது, ஒரு நாள் ஆறே கால் ஆவும். வயித்த வலின்னு ஒரு நாள் வரமாட்டான்."

கண்ணையனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "இன்னிக்கு இன்னும் நான் பதில் போடலம்மா" என்றார். "நீங்க பாத்துட்டு என்ன போடலாம்னு சொல்லுங்க."

அரியலூர் பஸ்ஸில் மூவரும் கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தோம். முன்னால் போன சிமெண்ட் லாரி எங்கள் மூவர் நெற்றியிலும் கட்டணம் வாங்காமல் விபூதி பூசியது.

பேரளி தாண்டியதும் கண்ணையன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கம்ப்யூட்டர தொறக்காம அது தானா வேல செய்யுமா?"

என்னிடம் ஒருவர் கம்ப்யூட்டர் பற்றிச் சந்தேகம் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. உற்சாகமாகிவிட்டேன்.

"ஐயா, உங்க மவன் எழுதினது ஒரு நோட்டு. கட்டம் கட்டமா இருக்கும். ஒரு கட்டம் மழைக் கணக்கு, ஒரு கட்டம் காத்துக் கணக்கு. கடைசிக் கட்டம் மெசேஜ். நெட்டுப் பக்கம் பாக்குற ஜன்னல் இருக்குல்ல, பிரவுசர், அதுலதான் அந்த நோட்டைத் தொறந்து, ஒவ்வொரு கட்டமா அமுக்கி ஓட்டுவாங்க. ஆனா கணக்குப் போடுறது ஜன்னல் இல்ல. பின்னாடி ஒரு எஞ்சின் ஓடும். அதுக்குப் பேரு கர்னல்."

"முந்திரிக்கொட்ட மாதிரின்னு சொல்லு. மேல தோலு, உள்ள பருப்பு."

"அதேதான்!"

"தோல ஒடைக்காம பருப்ப எடுக்க முடியாதே தம்பி. தோலு எண்ண பட்டா கை வெந்து போவும்."

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். அவர் செருப்பு போட்டிருந்தார். நான் கழற்றியிருந்தேன்.

பச்சைக்கொடி மையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டீக்கடைக்கு மேல் மாடி. ஏணி மாதிரி செங்குத்தான படி. முழங்கால் வலிக்கிறது என்று கண்ணையன் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேலே இரண்டு பேர். மையத்தை நடத்தும் அண்ணாதுரை, ஐம்பது வயது, சட்டைப்பையில் நான்கு பேனா, நான்கிலும் மூடி இல்லை. மூலையில் வளர்மதி, விவசாயிகளின் பெயரும் நம்பரும் ஏற்றும் பெண். தன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தவள், உடனே இறக்கிக்கொண்டாள்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியும் அந்த அறையில் பூஜை முடியவில்லை. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், கால்குலேட்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சுவர்க் கடிகாரத்துக்குக்கூட வைத்திருந்தார்கள். சாமி போட்டோவுக்குக் கீழே செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. திரை இல்லை, கீபோர்டு இல்லை. முதுகில் இரண்டு ஒயர். அதன் நெற்றியிலும் பொட்டு. சுவிட்சுக்கு மேல் ஒரு சீட்டு: 'அணைக்காதீர்கள்.'

"வேல்முருகன் கையெழுத்து" என்றார் அண்ணாதுரை. "போறதுக்கு முந்தி ஒட்டுனான். மழைக் கணக்கெல்லாம் சேத்து வைக்கிற பெட்டிம்மா. வேற ஒண்ணும் தெரியாது அதுக்கு."

"காலை மெசேஜ் யாரு அனுப்புறாங்க?"

"அவன்தான்! எங்கேருந்தோ. ஸ்டேஷன்லேருந்து வந்தப்பவும் காட்டுனேன், பாருங்க." தன் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, பார்த்த பக்கங்களின் பட்டியலைக் காட்டினார். "அந்த நோட்டைக் கடைசியா இங்க தொறந்தது ஆகஸ்ட் முப்பத்தொண்ணு, ஞாயித்துக்கிழம. அதுக்கப்புறம் ஒரு தடவகூட தொறக்கல. தொறக்காம எப்படி ஓடும்? அப்ப வேற ஊர்ல உக்காந்து தொறக்குறான். அவ்ளோதானே?"

அக்கா என்னைப் பார்த்தார். "மாறா, தொறக்காம ஓட்ட முடியுமா?"

எனக்கு பஸ்ஸிலேயே தெரியும். மிதிபட்ட காலுக்கும் தெரியும்.

"முடியும்க்கா. ஜன்னலே வேணாம். நாலு வரி எழுதி, கர்னல நேரா எழுப்பி, கட்டத்த ஒவ்வொண்ணா அது வாயில போடச் சொல்லலாம். என் சென்டர்ல அது பதினாலாவது பாடம்."

"நடத்துனியா?"

"எந்த மாணவரும் ஒம்பதாவது பாடத்தத் தாண்டல. நானும்தான்."

ஓடி முடிந்த நோட்டுகள் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்வதாக அண்ணாதுரை சொன்னார். திறந்தேன். ஒவ்வொரு நாளும் இருபத்துமூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் அடைப்புக்குள் ஒரு எண்.

"அது என்ன நம்பரு?" என்றார் அக்கா.

"எத்தனாவது அமுக்கல்னு எஞ்சின் போடுற நம்பர். ஒரு கட்டத்த ரெண்டு தரம் அமுக்குனா அடுத்த நம்பர் விழும்."

"டிக்கெட்டு மாதிரி." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆகஸ்ட் காட்டு."

ஆகஸ்ட் பக்கங்களில் எண்கள் கொஞ்சம் குலைந்திருந்தன. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. எங்கோ ஒரு கட்டத்தைத் திரும்ப அமுக்கியிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் இருபத்துநான்கு, ஒரு நாள் இருபத்தைந்து.

"செப்டம்பர்."

ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்துமூன்று வரை பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"மனுசன் தடுமாறுவான்" என்றார் அக்கா. "செப்டம்பர் ஒண்ணுலேருந்து தடுமாறவே இல்ல. அவன் காணாமப் போனது மூணாம் தேதி. ரெண்டு நாள் முன்னாடியே வேற டிரைவர் ஏறிட்டான்."

அந்த டிரைவரை நான் கண்டுபிடித்தேன். ஃபோல்டரின் அடியில் ஒரு சின்னக் கோப்பு. பதினோரு வரி. கர்னலை எழுப்பு, கட்டங்களை ஓட்டு, தேதி போட்டுச் சேமி, ஆறு பத்துக்கு அனுப்பு, கர்னலைத் தூங்க வை. கறுப்புப் பெட்டி தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. எழுதிய நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபது. உச்சியில் வேல்முருகன் தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்:

'இனி யாரும் வந்து திறக்கத் தேவையில்லை.'

"இது குறிப்பா, கடுதாசியா?" என்றார் அக்கா.

நான் கோப்பை மூடி, மறுபடி நோட்டுக்குப் போனேன்.  

அவர் நோட்டின் அடியைக் காட்டினார். "இது என்ன?"

முந்தின நாள் மெசேஜுக்கு விவசாயிகள் போட்ட பதில்களின் எண்ணிக்கை. 1 என்றவர்கள் இத்தனை, 2 என்றவர்கள் இத்தனை. அதற்குக் கீழே, இரண்டிலும் சேராத பதில்களுக்கு ஒரு வரி. 'பொருந்தாதவை: 1.' அந்த ஒன்று எது என்றும் பெட்டி ஒழுங்காக எழுதி வைத்திருந்தது.

சாப்ட்டியா.

மறுநாள், 'பொருந்தாதவை: 1.' எங்கடா இருக்க.

மறுநாள், 'பொருந்தாதவை: 1.' அம்மா தூங்கல. ஒரு போன் பண்ணு.

மறுநாள், 'பொருந்தாதவை: 1.' நான் திட்டுனது தப்புதான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கண்ணில் சிமெண்ட் தூசி. அரியலூரில் இது ஒரு வசதி. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் தலையில் பொறி தட்டுவது வருஷத்துக்கு ஒருமுறை. அதனால் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"சார், ஆயுத பூஜை அன்னிக்கு இந்தப் பெட்டி ஓடுச்சா?"

"எப்படி ஓடும்? முந்தின நாள் சாயங்காலமே எல்லாத்தையும் அணைச்சு, தொடச்சு, பொட்டு வச்சு சாமி முன்னாடி வச்சாச்சே."

"அணைக்காதீர்கள்னு எழுதியிருக்கே?"

"அணைக்காதேன்னுதான எழுதியிருக்கான். பூஜைக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்காதேன்னா எழுதியிருக்கான்?" என்றார் அண்ணாதுரை, மனம் புண்பட்டவராக. "ஆபீசைப் பூட்டி சாவிய நானே எடுத்துட்டுப் போயிட்டேன். விஜயதசமி அன்னிக்கு விடியக்காலைல நல்ல நேரம் பாத்து நானே சுவிட்சப் போட்டேன்."

ஆயுத பூஜை தேதியில் இருந்த நோட்டைத் திறந்தேன். ஒன்று, மூன்று, இரண்டு, ஒன்பது, எட்டு, பதினாறு. வரிசையே இல்லை. கலைந்துபோன கும்பல் மாதிரி நின்றன எண்கள். கடைசியில் புதிதாக ஒரு கட்டம். அதில் ஒரே வார்த்தை: சாப்ட்டேன்.

பெட்டி தூங்கிய நாளில் ஒரு கை வேலை செய்திருக்கிறது.

"டீ வாங்கிட்டு வரேன்க்கா" என்று கிளம்பினேன். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மாறா, கீழ போயி வாயத் தொறக்காத" என்றார்.

திறந்தேன். எப்படித் திறக்காமல் இருப்பது? அந்த மனிதர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டீ ஆறி ஆடை கட்டியிருப்பது தெரியாமல், மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மத்த நாளெல்லாம் மெஷினு. ஆனா ஆயுத பூஜை அன்னிக்கு அனுப்புனது ஒரு ஆளு. கையால!"

அவர் எழுந்து நின்றுவிட்டார். வலிக்கிற முழங்காலோடு. உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "ஏ பொன்னம்மா, பூசை அன்னிக்குக் கையால அனுப்பியிருக்கானாம்டி! மெஷினு இல்ல, கையி! படிச்ச தம்பி பாத்துச் சொல்லுது." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் வெறுமனே தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் நான்கு வடை பொட்டலம் கட்டச் சொன்னார், மாடியில் இருக்கிறவர்களுக்கு.

நான் மூன்று டீயோடும் ஒரு குற்றத்தோடும் மேலே ஏறினேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சொல்லிட்ட."

"சொல்லிட்டேன்."

"உக்காரு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அந்தக் கடைசி நம்பர் என்ன?"

பார்த்தேன். அறுபத்தொன்று.

"வேல்முருகன் கையால ஓட்டுன நாள்ல எவ்ளோ?"

"இருபத்துநாலு. இருபத்தஞ்சு."

"அவன் எழுதுன நோட்டு. மூணு வருஷமா தெனம் ஓட்டுன நோட்டு. ரெண்டு தரத்துக்கு மேல தடுமாறாதவன், ஒரே நாள்ல முப்பத்தேழு தரம் ஏன் தடுமாறணும்? இது புதுசா வண்டி பழகுற கையிடா."

 அக்கா எழுந்தார். அறையை ஒரு சுற்று வந்தார். பிரிண்டரைத் தொட்டார். ஸ்டேப்ளரைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கேனைப் பார்த்தார். கடைசியில் மூலை மேஜையில் வந்து நின்றார்.

"இந்த ரூம்ல ஸ்டேப்ளருக்குக்கூட பொட்டு இருக்கு. இந்த லேப்டாப்புக்கு மட்டும் ஏம்மா இல்ல?"

வளர்மதி லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"அது அவ சொந்த லேப்டாப்" என்று அண்ணாதுரை குறுக்கே வந்தார். "வூட்டு பூஜைல வைக்கிறேன்னு எடுத்துட்டுப் போனா."

"பூஜைல வைக்கல. அன்னிக்கு அதுக்கு வேல இருந்துச்சு. இல்லியாம்மா?"

அந்தப் பெண் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். 

"ஆபீஸ் போன அண்ணாதுரை சார் என் நம்பருக்குத் திருப்பி விட்டிருந்தாரு. காலைல ஏழு மணிக்கு அந்த ஐயா பேசுனாரு. 'மவன் மெசேஜ் இன்னிக்கு வரலியேம்மா, அவனுக்கு எதாச்சும் ஆயிடுச்சா'ன்னு அழுவுறாரு. பெட்டியப் போடலாமான்னு சார்ட்ட கேட்டேன். நாளைக்குத்தான் தொடணும்னுட்டாரு."

"நோட்டு நெட்டுலதான இருக்கு. அதத் தொறக்குற சாவி, பாஸ்வேர்டு?"

"வேல்முருகன் அண்ணன் போறதுக்கு முந்தின நாளு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. 'ஒருவேள பெட்டி படுத்துட்டா'ன்னு. ஏன் எங்கிட்டன்னு கேட்டேன். சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். பிரவுசர்ல தொறந்து ஒவ்வொண்ணா அமுக்கி, தப்பாயி, மறுபடி அமுக்கி... நாலு மணி நேரம். ஓடி முடிஞ்சப்ப அடியில அந்த வரி இருந்துச்சு. சாப்ட்டியான்னு. தினம் வருது அது. தினம் பாக்குறேன். பாத்துட்டு மூடி வைக்கிறேன். அன்னிக்கு முடியல. ஒரே ஒரு வார்த்ததான் மேடம் போட்டேன்."

 அண்ணாதுரை நான்கு பேனாவில் ஒன்றை எடுத்து, இல்லாத மூடியைத் தேடினார்.

"அந்த ஒரு வார்த்தையால ஒரு பொம்பள சோறு தின்னுச்சு" என்றார் அக்கா. "அதே வார்த்தையாலதான் அவனத் தேடுறதையும் நிறுத்துனாங்க. உன்னத் திட்டி என்ன ஆவப்போவுது. வா, கீழ போவோம்."

அந்தப் படியில் ஏறும்போது பதினாறு படி. இறங்கும்போது முடியவே இல்லை.

கண்ணையன் வடைப் பொட்டலத்தை நீட்டியபடி எழுந்தார். "எந்த ஊருலேருந்து அனுப்பியிருக்கானாம்மா?"

அக்கா அவரை உட்கார வைத்து, தானும் பெஞ்சில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார். பெட்டி, பதினோரு வரி, அவன் போவதற்கு முன்பே எழுதி வைத்தது. அதன் உச்சியில் இருந்த அந்த ஒரு வாக்கியம். டைம் கீப்பர் மைக்கில் அறிவிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அந்தக் குரலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

பஸ் ஒன்று வந்து, ஜெயங்கொண்டம் ஜெயங்கொண்டம் என்று கத்திவிட்டுப் போயிற்று.

"அப்ப எல்லாமே பொட்டிதானா?"

"ஒரு வார்த்த மட்டும் இந்தப் பொண்ணு."

வளர்மதி கடைசிப் படியிலேயே நின்றாள். கண்ணையன் அவள் முன்னால் போய் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் என்னை அடித்திருப்பேன்.

"அன்னிக்கு நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் வடைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

"ஐயா," என்றார் அக்கா, "நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போறோம். நோட்டு எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போறோம். மெசேஜ் போட்டது பெட்டி, பதில் போட்டது நான்னு இந்தப் பொண்ணு எழுதிக் குடுக்கும். அப்புறம் அவங்க தேடித்தான் ஆவணும்."

"தேடுனா? எங்கம்மா தேடுவாங்க?"

அக்காவிடம் எந்த ஊருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். இதற்கு அவர் ஊருக்கு வெளியே போகும் ரோட்டைப் பார்த்தார். ஊரைச் சுற்றி, சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுப் போன குழிகள். இந்த மழைக்கு எல்லாம் நிறைந்து பச்சையாக நிற்கின்றன. எல்லோரும் அந்தக் குழிகளைத்தான் நினைத்தோம். 

"எல்லா இடத்துலயும்" என்றார் அக்கா.

என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, நான் அவசரப்பட்டுட்டேன். வீட்டுல அம்மாட்ட... நான் வேணா பேசவா?"

"நீ பேசாத தம்பி" என்றார் கண்ணையன். கோபமாக இல்லை. உண்மை தெரிந்தவர் சொல்வது போலச் சொன்னார்.

அவர் போன் அடித்தது. பொன்னம்மாள். எடுத்தார். "ம். வரேன். வந்து சொல்றேன். இல்ல, போன்ல வேணாம். நீ உல வையி. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து திம்போம்."

ஆண்டிமடம் போக, அடுத்த ஜெயங்கொண்டம் பஸ்ஸில் அவரை ஏற்றிவிடும்போது, ஜன்னல் வழியாகக் கேட்டேன். "ஐயா, உங்க நம்பர அந்த லிஸ்ட்லேருந்து எடுத்துடச் சொல்லவா? நாளைக்கும் ஆறு பத்துக்கு வரும்."

"வேணாம். அவன் எழுதி வச்சதுதான அது. வரட்டும்."

பஸ் நகர்ந்தது. அவர் போனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு எதையோ தேடித் தேடி அமுக்கிக்கொண்டிருந்தது, வளைவு திரும்பும்வரை தெரிந்தது.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் அக்காவும் நானும் காத்திருந்தோம். கையில் நாற்பத்தோரு நாள் நோட்டு, பிரிண்ட் எடுத்து நூல் கட்டி. அன்றைய பக்கத்தையும் வளர்மதி என் போனுக்கு அனுப்பியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிசிறில்லாத வரிசை. பெட்டி யாரும் திறக்காமலே எழுந்து, வேலையை முடித்து, தூங்கப் போயிருந்தது. நேரம் ஆறு பத்து.

அடிவரிக்கு வந்தேன்.

'பொருந்தாதவை: 0.'

பெயர் வாரியாகத் தேடிப் பார்த்தேன். கண்ணையன், ஆண்டிமடம். நேற்றைய மெசேஜுக்குப் பதில்: 2. மருந்து அடிக்கவில்லை.

இத்தனை நாளில் முதல் தடவையாக, அவர் சொன்னது அந்தப் பெட்டிக்குப் புரிந்திருந்தது.